எல்லைக்கல் இல்லாத ஊர்: லிங்கராஜபுரமும் இணையக் கலைக்களஞ்சியக் கட்டுரையும்

பெங்களூரின் வடகிழக்கில், பழைய கண்டோன்மென்டின் விளிம்பை ஒட்டி அமைந்துள்ள லிங்கராஜபுரத்தைப் பற்றி இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு நல்ல கட்டுரையை எவ்வாறு உருவாக்குவது என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவருக்குச் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் நகரத்தின் வரலாறு எங்கே பதிவாகிறது, எவருடைய சொல் சான்றாகக் கொள்ளப்படுகிறது, ஒரு பகுதிக்கு அந்தப் பெயர் எதுவரை செல்லும் என்ற கேள்விகள் எல்லாம் அதற்குள் அடங்கியிருக்கின்றன. காக்ஸ் டவுன், குக் டவுன், பிரேசர் டவுன் ஆகிய பழைய குடியிருப்புகள் ஒரு பக்கமும், கம்மனஹள்ளி, கச்சரகனஹள்ளி ஆகிய பழைய கிராமங்கள் மறுபக்கமும் சூழ, ஹென்னூர் மெயின் ரோட்டை ஒட்டிப் பரவியிருக்கும் இப்பகுதிக்குள் இருப்பவர் தாம் லிங்கராஜபுரத்தில் இருப்பதை ஐயமின்றி அறிவார்; அது எங்கே முடிகிறது என்று கேட்டால் மட்டும் தெருவுக்கு ஒரு விடை கிடைக்கும்.

தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் போன்ற அச்சு நூல்களில் இச்சிக்கல் எழ வாய்ப்பில்லை. பக்க அளவுக்குக் கட்டுப்பட்ட அத்தகைய நூல் பெங்களூருக்கே சில பத்திகள்தான் ஒதுக்க முடியும், அதன் புறநகர்களுக்கு இடம் கிடையாது. 2001ஆம் ஆண்டு ஆங்கிலத்திலும் 2003ஆம் ஆண்டு தமிழிலும் கன்னடத்திலும் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியாவுக்குப் பக்க வரம்பு இல்லாததால், ‘இது முக்கியமான ஊரா’ என்ற பதிப்பாசிரியரின் கேள்வி நீங்கி, ‘இதைப் பற்றி நம்பத்தகுந்த எழுத்துச் சான்று இருக்கிறதா’ என்ற கேள்வி அதன் இடத்தைப் பிடித்தது. இதைத் தமிழ் விக்கிப்பீடியர்கள் மெய்யறிதன்மை என்று குறிக்கின்றனர். அதாவது கட்டுரையில் உள்ள செய்தி உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, வாசகர் எவரும் சென்று சரிபார்க்கக்கூடிய வெளியீடு ஒன்றில் அது ஏற்கெனவே இடம்பெற்றிருக்க வேண்டும். தனிக் கட்டுரைக்கான தகுதி குறிப்பிடத்தக்கமை எனப்படுகிறது. ஆங்கில விக்கிப்பீடியாவின் வழிகாட்டுதலில் இடங்களுக்கு இது இருவகைப்படுகிறது: சட்டப்படி ஏற்கப்பட்ட ஊர்கள் பொதுவாகத் தகுதியுடையவை என்று கொள்ளப்படும், சட்ட உரு இல்லாத அக்கம்பக்கப் பகுதிகளோ தம்மைப் பற்றிச் சுதந்திரமான வெளியீடுகளில் போதிய அளவு எழுதப்பட்டிருப்பதைக் காட்டியாக வேண்டும்.

தமிழ்நாட்டின் ஊராட்சிகளைப் பற்றி அரசுத் தரவுகளைக் கொண்டு தமிழ் விக்கிப்பீடியாவில் பெருந்திரளாகக் கட்டுரைகள் உருவாக்கப்பட்டது இந்த வேறுபாட்டால்தான் இயன்றது. ஊராட்சி என்பது சட்டம் பெற்றெடுத்த அமைப்பு, அதற்கு எல்லையும் மக்கள்தொகையும் நிருவாகப் படிநிலையும் உண்டு. லிங்கராஜபுரம் அவ்வாறானதன்று. அப்பெயரை வெவ்வேறு துறைகள் வெவ்வேறு பரப்புக்குப் பயன்படுத்துகின்றன. 1972இல் அறிமுகமான அஞ்சல் குறியீட்டு முறையில் அது 560084 என்ற எண்ணின் கீழ் வருகிறது. ஆனால் அவ்வெண் செயின்ட் தாமஸ் டவுன் அஞ்சலகத்துக்கும் உரியது. தேர்தல் ஆணையத்தைப் பொறுத்தவரை அது 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுசீரமைப்பில் உருவான சர்வக்ஞநகர் சட்டமன்றத் தொகுதியின் ஒரு பகுதி. மாநகராட்சிக்கோ அது ஒரு வார்டின் பெயராக இருந்தது. ஆட்டோ ஓட்டுநருக்கு அது பெரும்பாலும் மேம்பாலத்தின் பெயர்.

இவற்றுள் வார்டு என்ற அலகே மிக உறுதியானதாகத் தோன்றும். அதனாலேயே புறநகர்க் கட்டுரைகளின் முதல் பத்தியில் வார்டு எண் தவறாமல் இடம்பெறுகிறது. அந்த எண்ணின் வாழ்நாள் எவ்வளவு என்று பார்ப்பது பயனுள்ளது. 2007இல் ஏழு நகராட்சிகளும் ஒரு பேரூராட்சியும் நூற்றுப்பத்துக் கிராமங்களும் பழைய மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டுப் பெருநகரப் பெங்களூர் மாநகராட்சி உருவான பிறகு, அதற்கு முன் நூறு வார்டுகளாக இருந்த நகரம் 198 வார்டுகளாகப் பிரிக்கப்பட்டது. 2010இல் தேர்தல் நடந்த அந்தப் பட்டியலில் லிங்கராஜபுரத்தின் எண் 49. 2022இல் வார்டுகள் 243 என்று மறுவரையறை செய்யப்பட்டன. 2023இல் அது 225 ஆனது. இவ்விரு பட்டியல்களின் கீழும் தேர்தலே நடக்கவில்லை. 2025 செப்டம்பரில் அந்த மாநகராட்சியே கலைந்து, ஐந்து தனி மாநகராட்சிகள் அதன் இடத்துக்கு வந்தன. ஆகவே ‘லிங்கராஜபுரம் பெங்களூர் மாநகராட்சியின் 49ஆவது வார்டு’ என்று நிகழ்காலத்தில் எழுதப்பட்ட வாக்கியம், எழுதியவர் ஒரு பிழையும் செய்யாமலேயே பொய்யாகிவிட்டது. இதைத் திருத்தும் சரியான முறை புதிய எண்ணைத் தேடி இட்டு நிரப்புவதன்று. ‘2010 முதல் நடைமுறையில் இருந்த 198 வார்டுகள் கொண்ட பகுப்பில் 49ஆவது வார்டு இப்பெயரைத் தாங்கியது’ என்று காலத்தோடு கட்டி எழுதுவதே முறை. அவ்வாறு எழுதப்பட்ட வாக்கியம் பழசாகலாம், பொய்யாகாது. புறநகர்க் கட்டுரைகளின் தரத்தை உயர்த்தும் வேலையில் பெரும்பகுதி, நிகழ்காலத்தில் உள்ள வினைமுற்றுகளை ஆண்டு குறித்த இறந்தகாலத்துக்கு மாற்றும் இந்தச் சலிப்பூட்டும் வேலைதான்.

மக்கள்தொகைக்கும் இதே விதி பொருந்தும். 2011 கணக்கெடுப்பு பெங்களூர் மாநகராட்சிப் பரப்பில் 84,43,675 பேரைக் கணக்கிட்டு, அவர்களை வார்டு வாரியாகவே அட்டவணைப்படுத்தியது. ‘லிங்கராஜபுரத்தில் இத்தனை பேர்’ என்று எழுதுபவர் உண்மையில் அந்த வார்டின் தொகையைத்தான் எழுதுகிறார். வார்டின் எல்லைக்கோடு, மக்கள் வாயில் வழங்கும் லிங்கராஜபுரத்தின் சில தெருக்களை வெளியே தள்ளியும் பக்கத்துப் பகுதிகளின் சில தெருக்களை உள்ளே இழுத்தும் வரையப்பட்டது என்பதைக் கட்டுரையே சொல்லிவிட வேண்டும்.

வேறு சில நாடுகளில் இந்த எல்லைத் தொல்லையும் சான்றுப் பஞ்சமும் குறைவு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1966ஆம் ஆண்டின் புவிப்பெயர்ச் சட்டத்தின் கீழ் புறநகர்களின் பெயரும் எல்லையும் அரசிதழில் அறிவிக்கப்படுகின்றன. கணக்கெடுப்பும் அந்த அலகிலேயே தரவு தருகிறது. லண்டனின் பகுதிகளைப் பற்றி எழுதுவோருக்கு 1894இல் தொடங்கிய ‘சர்வே ஆஃப் லண்டன்’ என்ற பெருந்திட்டத்தின் தொகுதிகள் தெரு வாரியாக வரலாற்றைத் தருகின்றன. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. சென்னையிலேயே மயிலாப்பூரையோ புரசைவாக்கத்தையோ பற்றி எழுதுபவருக்கு 1913இல் வெளியான எச். டி. லவ்வின் பழைய மதராஸ் வரலாற்றிலிருந்து, 1991 முதல் வெளிவரும் ‘மெட்ராஸ் மியூசிங்ஸ்’ இதழும் எஸ். முத்தையாவின் பத்திகளும் வரை அச்சுச் சான்று கையருகே உள்ளது. ஒரு பகுதியைப் பற்றிய கலைக்களஞ்சியக் கட்டுரை சிறப்பாக அமைவது, அதை எழுதியவரின் திறமையைவிட, அவருக்கு முன் எவரோ அப்பகுதியைப் பற்றி அச்சில் எழுதி வைத்ததையே பெரிதும் சார்ந்திருக்கிறது. லிங்கராஜபுரத்துக்கு அந்த அளவுக்கு எழுதியவர் இல்லை.

சான்று குறைந்த இடத்தில் கட்டுரையை நீட்ட விரும்புபவர் முதலில் கைவைப்பது அண்டை வீட்டு வரலாற்றில். கண்டோன்மென்டின் வரலாறு நன்கு ஆவணப்படுத்தப்பட்டது: 1809இல் ஆங்கிலேயர் தம் படையைச் சீரங்கப்பட்டணத்திலிருந்து அல்சூருக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தியது, படையுடன் மதராஸ் மாகாணத்தின் தமிழ் பேசும் சிப்பாய்களும் வணிகரும் ஒப்பந்தக்காரரும் வேலையாட்களும் வந்து குடியேறியது, மதராஸ் சாப்பர்கள் என்னும் பொறியியல் படைப்பிரிவு 1834இல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டது, 1864இல் சோலார்பேட்டையிலிருந்து இருப்புப்பாதை வந்து சேர்ந்தது, 1881இல் மைசூர் அரசு உடையார்களிடம் திருப்பி அளிக்கப்பட்டபோதும் இப்பகுதி குடிமை மற்றும் இராணுவ நிலையம் என்ற பெயரில் ஆங்கிலேயரிடமே தங்கியது, 1898இன் பிளேக் நோய்க்குப் பிறகு நெரிசலைக் குறைக்கும் நோக்கில் 1906இல் பிரேசர் டவுன் போன்ற குடியிருப்புகள் திட்டமிடப்பட்டது, 1947 ஜூலையில் நிலையம் மைசூரிடம் ஒப்படைக்கப்பட்டு 1949இல் ஒரே மாநகராட்சியாக இணைந்தது. 1901 கணக்கெடுப்பில் மைசூர் அரசின் பெங்களூர் நகரத்தில் 69,447 பேரும், நிலையத்தில் 89,599 பேரும் இருந்தனர் என்பதிலிருந்து, அக்காலத்தில் எது பெரிய ஊர் என்பது விளங்கும். இரண்டும் சேர்ந்த தொகை அதற்குப் பத்தாண்டுகள் முன்பு 1,80,366 ஆக இருந்தது என்பது பிளேக்கின் கடுமையைக் காட்டும்.

இவையனைத்தும் உண்மை; லிங்கராஜபுரத்தைப் புரிந்துகொள்ளத் தேவையானவையும்கூட. எனினும் இவற்றுள் ஒன்றுகூட லிங்கராஜபுரத்தைப் பற்றியதன்று. இவற்றை அப்படியே எடுத்து ‘வரலாறு’ என்ற தலைப்பின் கீழ் வைத்தால், கட்டுரை நீளும். வாசகர் ஒன்றும் அறியார். பிளேக்குக்குப் பின் பிரேசர் டவுன் எழுந்தது என்பதிலிருந்து, லிங்கராஜபுரமும் அப்போதே எழுந்திருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம் தானாகவே நழுவி வந்துவிடும். அதைத்தான் விக்கிப்பீடியா சொந்த ஆய்வு என்று தடுக்கிறது. கிடைத்த இரு உண்மைகளைக் கூட்டி, எந்த நூலும் சொல்லாத மூன்றாவது ஒன்றைப் பெறுவது வரலாற்றாசிரியரின் வேலையாக இருக்கலாம், கலைக்களஞ்சியத் தொகுப்பாளரின் வேலையன்று. கண்டோன்மென்டுக்குத் தனிக் கட்டுரை உள்ள நிலையில், லிங்கராஜபுரக் கட்டுரைக்கு இரண்டு வாக்கியப் பின்னணியும் அங்கே செல்லும் இணைப்பும் போதும்.

பெயர் வரலாற்றில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். புறநகர்க் கட்டுரைகளில் சான்று இல்லாமலே நெடுங்காலம் தங்கிவிடும் வாக்கியம் ஒன்று உண்டென்றால், அது ‘இன்னாருடைய பெயரால் இவ்வூர் வழங்கப்படுகிறது’ என்பதாகும். அத்தகைய வாக்கியத்தை ஒருவர் கேள்வியறிவால் சேர்க்க, நாளிதழின் வார இணைப்பில் எழுதுபவர் அதை விக்கிப்பீடியாவிலிருந்து எடுத்துக்கொள்ள, பின்னர் வேறொரு தொகுப்பாளர் அந்த நாளிதழையே சான்றாகக் கொண்டுவந்து ஒட்ட, வட்டம் நிறைவடைகிறது. இந்த வட்டச் சான்றைக் கண்டுபிடிக்கும் கருவி ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள வரலாற்றுப் பக்கம். வாக்கியம் சேர்க்கப்பட்ட நாள் சான்றின் வெளியீட்டு நாளுக்கு முந்தியதா என்று அதில் பார்த்துவிடலாம். முந்தியதாக இருந்தால் அந்தச் சான்று செல்லாது.

அப்படியானால் எங்கே தேடுவது? பெங்களூரைப் பற்றிய பொது நூல்களில் பி. எல். ரைசின் மைசூர் கெசட்டியர், 1970இல் வந்த பஸ்லுல் ஹசனின் நகர வரலாறு, ஜானகி நாயர் 2005இல் வெளியிட்ட இருபதாம் நூற்றாண்டுப் பெங்களூர் பற்றிய ஆய்வு ஆகியவை முதலில் புரட்ட வேண்டியவை. 1909இல் நிறுவப்பட்ட மித்திக் சொசைட்டியின் காலாண்டிதழும் அவ்வாறே. கல்வெட்டுகளுக்கு ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராபியா கர்நாடிகா’வின் பெங்களூர் மாவட்டத் தொகுதி உள்ளது, தொம்மலூர் சொக்கநாதர் கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகள் போன்றவை அதில் பதிவாகியிருப்பதால், கண்டோன்மென்டுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் தமிழ் எழுத்தில் இருந்தது என்பதற்கு அதுவே சான்று. காலனிய கெசட்டியர்களின் எண்களைப் பயன்படுத்தலாம்; சாதிகளைப் பற்றி அவை சொல்லும் குணநல வருணனைகளை இன்றைய தொகுப்பாளர்கள் ஏற்பதில்லை, அது சரியே.

ஆனால் லிங்கராஜபுரம் போன்ற ஒரு பகுதியின் உண்மையான ஆவணக் களஞ்சியம் இந்த நூல்களில் இல்லை. அது பள்ளிகளின் பொன்விழா மலர்களிலும், தேவாலயங்களின் நூற்றாண்டு மலர்களிலும், கோயில் கும்பாபிஷேக மலர்களிலும், குடியிருப்போர் சங்கங்களின் ஆண்டறிக்கைகளிலும் சிதறிக் கிடக்கிறது. விளம்பரங்களும் வாழ்த்துரைகளும் முக்கால் பங்கை அடைத்துக்கொண்டாலும், மலரின் நடுப்பக்கங்களில் அடிக்கல் நாட்டிய நாள், மனை கொடுத்தவர், முதல் கட்டடத்தின் செலவு, முன்பு அங்கே இருந்த தோப்போ குட்டையோ பற்றிய ஒரு பத்தி கிடைக்கும். நகரத்தின் வேறு எந்தப் பதிவிலும் அது கிடைக்காது. கடுமையான தொகுப்பாளர்கள் இத்தகைய மலர்களைத் தன்வெளியீடு என்று ஒதுக்குவர். அது மிகை என்றே கொள்ள வேண்டும்: ஒரு நிறுவனம் தன்னைப் பற்றித் தானே வெளியிட்டது, தற்பெருமை கலவாத எளிய செய்திகளுக்கு, குறிப்பாக நாள்களுக்கும் இடங்களுக்கும், சான்றாகலாம் என்பதை விதிகளே அனுமதிக்கின்றன. ‘இப்பகுதியின் தலைசிறந்த பள்ளி’ என்ற வரிக்கு அந்த மலர் சான்றாகாது. ‘இவ்வாண்டில் தொடங்கப்பட்டது’ என்பதற்கு ஆகும். மலர் எந்த நூலகத்தில் பார்க்கக் கிடைக்கும் என்பதையும் சேர்த்துக் குறிப்பது நல்லது, ஏனெனில் எவர் வீட்டுப் பரணிலோ மட்டும் உள்ள நூலைச் சரிபார்க்க இயலாது.

வாய்மொழிச் சான்றின் நிலை இதைவிடக் கடினமானது. பெங்களூரைச் சேர்ந்த அச்சல் பிரபலா 2011இல் விக்கிமீடியா நிறுவனத்தின் ஆதரவுடன் நடத்திய திட்டம் ஒன்று, மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செப்பெடி ஆகிய மொழிகளில் அச்சேறாத அறிவை ஒலிப்பதிவாக்கி, அப்பதிவையே கட்டுரைக்கு மேற்கோளாகக் காட்ட முயன்றது. உலகின் பெரும்பகுதி அறிவு அச்சில் இல்லை என்ற அதன் அடிப்படை வாதத்தை மறுப்பவர் அரிது. இருந்தும் ஆங்கில விக்கிப்பீடியா அதை விதியாக ஏற்கவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் எவ்வாறு சரிபார்ப்பது என்ற தடை அப்படியே நிற்கிறது. கண்டோன்மென்ட் வட்டாரத் தமிழரின் நினைவுகளுக்கு இதனால் வரும் இழப்பு பெரியது. இதற்கு நடைமுறைத் தீர்வு கலைக்களஞ்சியத்துக்கு உள்ளே இல்லை, வெளியே இருக்கிறது: முதியோரின் நினைவுகள் முதலில் ஒரு வட்டார வரலாற்று நூலாகவோ, பெங்களூர்த் தமிழ் நாளிதழின் தொடராகவோ, கல்லூரி ஆய்வேடாகவோ பதிப்பாசிரியர் ஒருவரின் பார்வைக்குட்பட்டு வெளிவர வேண்டும், கட்டுரை அதற்குப் பிறகுதான் அவற்றைத் தொட முடியும். 1950 முதல் இயங்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் போன்ற அமைப்புகளுக்கு இது இயல்பாக அமையும் பணி.

சேர்ப்பதற்கு இத்தனை தடை இருக்க, நீக்குவதற்கோ வேலை மிகுதி. புறநகர்க் கட்டுரைகள் காலப்போக்கில் பேருந்துத் தட எண்கள், வங்கிக் கிளைகள், உடற்பயிற்சிக் கூடங்கள், பிரியாணிக் கடைகள், அடுக்குமாடி வளாகங்கள் ஆகியவற்றின் பட்டியலாகிவிடுவது வழக்கம். வீட்டுமனை விற்பவரின் கை பட்ட இடம் உடனே தெரியும். ‘நகரின் அனைத்துப் பகுதிகளுடனும் சிறந்த இணைப்பு வசதி கொண்ட, வேகமாக வளர்ந்துவரும்’ என்பது போன்ற வாக்கியம் எந்த ஊருக்கும் பொருந்தும், எனவே எந்த ஊரைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. அதை நீக்கிவிட்டு, அருகிலுள்ள இரயில் நிலையம் பெங்களூர் ஈஸ்ட் என்றும், அது கண்டோன்மென்டுக்கும் பையப்பனஹள்ளிக்கும் இடையில் உள்ளது என்றும் எழுதினால், வாசகர் வரைபடத்தில் ஊரைக் கண்டுகொள்வார். கட்டுரை பாதியாகச் சுருங்குவது முன்னேற்றமே. சுருக்குபவர் பேச்சுப் பக்கத்தில், அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் உள்ள விவாதப் பக்கத்தில், காரணத்தை எழுதி வைப்பது அவசியம்; இல்லாவிட்டால் மறுநாளே எல்லாம் பழையபடி திரும்பி வரும்.

வன்முறை நிகழ்வுகளைப் பற்றி எழுதும்போது எல்லைச் சிக்கல் மீண்டும் தலைகாட்டுகிறது. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை அடுத்துப் பெங்களூர்த் தமிழர் தாக்கப்பட்டதும், 2020 ஆகஸ்டு 11 இரவு தேவரஜீவனஹள்ளியிலும் காடுகொண்டனஹள்ளியிலும் கலவரமும் காவல்துறைத் துப்பாக்கிச் சூடும் நடந்ததும் நகர வரலாற்றின் பகுதிகள். முதலாவதைத் தமிழர் வாழும் பகுதி என்பதற்காகவும், இரண்டாவதைப் பக்கத்தில் நடந்தது என்பதற்காகவும் லிங்கராஜபுரக் கட்டுரையில் சேர்ப்பது, நடுநிலை நோக்கு என்ற விதி தடுக்கும் தவறான அழுத்தமாகும். சான்று லிங்கராஜபுரத்தின் பெயரைச் சொன்னால் எழுதலாம், சொல்லாவிட்டால் கூடாது.

படங்கள் எளிது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டடங்களையும் பொது இடத்தில் நிலையாக உள்ள சிற்பங்களையும் படமெடுத்து வெளியிடுவதற்கு விலக்களிக்கிறது. ஆகவே தேவாலயத்தையும் கோபுரத்தையும் எவரும் படமெடுத்து, விக்கிப்பீடியாவுக்கான படக் களஞ்சியமாகிய விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். சுவரோவியத்துக்கு அந்தத் தெளிவான விலக்கு இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மொழிப் பிரச்சினை ஒன்று எஞ்சுகிறது. கன்னடத்தில் அரசுப் பதிவுகள் லிங்கராஜபுர என்றே எழுதுகின்றன. தமிழர் வாயிலும் பழைய ஆங்கிலப் பெயர்ப்பலகைகளிலும் மகரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மக்கள் பரவலாக வழங்கும் பெயரைத் தலைப்பாக வைத்து மற்றதை வழிமாற்றாகவும் முதல் வரியிலும் தருவது கலைக்களஞ்சிய வழக்கமாதலால், இதில் சண்டைக்கு இடமில்லை. சண்டைக்குரியது வேறு: தமிழ்க் கட்டுரை ஆங்கிலக் கட்டுரையின் மொழிபெயர்ப்பாகவே இருந்துவிடும் பழக்கம். ஆங்கிலக் கட்டுரையில் உள்ள சான்றில்லாத வாக்கியங்கள் தமிழில் வரும்போது, இருந்த ‘சான்று தேவை’ என்ற குறியையும் இழந்து உறுதிப்பட்ட உண்மை போல நின்றுவிடுகின்றன. தமிழ்க் கட்டுரைக்கு வலு சேர்க்க வேண்டியவை தமிழ் மலர்களும் நாளிதழ்களும் மட்டுமல்ல; வார்டு மறுவரையறை அறிவிக்கைகள், கர்நாடக அரசிதழ், 1948இல் தொடங்கிய ‘பிரஜாவாணி’ நாளிதழின் பழைய இதழ்கள் ஆகியவை கன்னடத்தில் உள்ளன. வீட்டில் தமிழும் பள்ளியில் கன்னடமும் கற்றவர்கள் லிங்கராஜபுரத்தில் தெருவுக்குத் தெரு உண்டு; சென்னையிலிருந்தோ டொராண்டோவிலிருந்தோ தொகுக்கும் தமிழ் விக்கிப்பீடியருக்கு எட்டாத அந்தப் பதிவுகளை அவர்களால் நேரே படிக்க முடியும்.